பெட்டி தேடி வந்தவர்கள் ஊருக்குள் வந்த கதை



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு படம் காட்டினோம். வெளிநாட்டில் ஒரு கிராமத்துப் பாதை. வயதான ஓர் அம்மாவும் பேரனும் மரத்தடியில் குனிந்து, வேர் இடுக்கில் இருந்து ஒரு டிபன் டப்பாவை எடுக்கிறார்கள். அந்தப் பையன் முகத்தில் புதையல் கிடைத்த மாதிரி சந்தோஷம். படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். "டப்பாவைத் தேடறதுக்கா இம்புட்டுத் தூரம் போறாக?" என்று ஒரு சகோதரி கேட்டார்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஓலைக்கொட்டான் பின்னும் குழுவின் ஊக்குநர் அவர். "அவுக ஊருக்குத் தேடி வர்றாக. நம்ம ஊருக்கு யாரு வருவா? வந்தாலும் பார்க்க இங்க என்ன இருக்கு?" என்றார்.

எங்களால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குழுவுக்குக் கொட்டான் பயிற்சி ஏற்பாடு செய்ததே நாங்கள்தான். பயிற்சி நன்றாக நடந்தது. கொட்டானும் அழகாக வந்தது. ஆனால் வாங்குகிறவர் எங்கே வருவார், எங்கே நிற்பார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பின்னியதில் பாதிக்கு மேல் இன்றும் கூட்டமைப்பு அறையின் பரணில்தான் கிடக்கிறது. அதற்காக வாங்கிய கடனை உறுப்பினர்கள் கூலி வேலைக்குப் போய்த்தான் கட்டி முடித்தார்கள். அந்தத் தவறு எங்களுடையது.

அதனால் இந்த மாதப் பாடத்தை அந்த ஊக்குநரின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறோம். இதே கேள்வியை அமெரிக்காவின் மலைக் கிராமங்களிலும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எங்கே தவறினார்கள், நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

பெட்டி தேடும் விளையாட்டு

அந்தப் படத்தில் இருந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஜியோ என்றால் பூமி. கேச் என்றால் ஒளித்து வைத்த பொருள். நாம் இதைப் பெட்டி தேடும் விளையாட்டு என்றே சொல்லிக்கொள்வோம்.

பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை அனுப்பும் சிக்னலை வைத்து நாம் நிற்கும் இடத்தை எண்களாகச் சொல்லிவிடும் ஒரு கருவி உண்டு. இந்த முறைக்கு ஜி.பி.எஸ். என்று பெயர். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் செல்போனிலும் இது இருக்கிறது. கதவு எண், தெரு எண் மாதிரி, பூமியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு என்று புரிந்துகொண்டால் போதும்.

இந்த முறையை உருவாக்கியது அமெரிக்க ராணுவம். பொதுமக்களுக்கு வரும் சிக்னலை அவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பி வைத்திருந்தார்கள். இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000-ம் ஆண்டு மே 2-ம் தேதி அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் அல்மர் என்பவர் போர்ட்லண்ட் நகருக்குப் பக்கத்தில் காட்டோரமாக ஒரு வாளியை ஒளித்து வைத்தார். அதற்குள் ஒரு நோட்டு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு பீன்ஸ் டப்பா இப்படிச் சில சாமான்கள். அந்த இடத்தின் எண்களை இணையத்தில் எழுதி, 'கண்டுபிடித்தால் ஒன்று எடுத்துக்கொள், ஒன்று வைத்துவிட்டுப் போ' என்று அறிவித்தார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது உலகத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் இருக்கின்றன.

விளையாட்டுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. நம் குழு விதிமுறை மாதிரிதான்.

1. நிலம் யாருடையதோ அவரிடம் அனுமதி வாங்கித்தான் பெட்டி வைக்க வேண்டும்.
2. குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. மரத்தை வெட்டவோ, ஆணி அடிக்கவோ கூடாது.
3. தின்பண்டம் வைக்கக் கூடாது. எறும்பும் மிருகமும் வந்துவிடும்.
4. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும்.
5. கண்டுபிடித்தவர் உள்ளே உள்ள நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.
6. வைத்தவர்தான் பராமரிக்க வேண்டும். மழையில் நோட்டு நனைந்தால் மாற்ற வேண்டியது அவர் பொறுப்பு.

விளையாடுகிறவர்கள் போகிற வழியில் கிடக்கும் குப்பையையும் பொறுக்கிக்கொண்டு வரும் பழக்கத்தை 2002-ல் ஓர் இயக்கமாகவே தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் பொம்மை, சாவி வளையம், சில்லறைச் சாமான்தான். காசு மதிப்புப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் குடும்பத்தோடு வருகிறார்கள். பெட்டியைத் தேடும் சாக்கில் இதுவரை பார்க்காத ஓர் இடத்துக்குப் போகிறோமே, அந்த ஆசைதான் அவர்களை இழுக்கிறது.

ரயில் நின்றுபோன ஊர்கள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பென்சில்வேனியா, மேரிலண்ட் என்று இரண்டு மாநிலங்கள் உண்டு. மலையும் ஆறும் காடும் நிறைந்த பகுதி. ஒரு காலத்தில் அங்கே நிலக்கரிச் சுரங்கம், கரிச் சூளை, மர வேலை எல்லாம் மும்முரமாக நடந்தன. பிட்ஸ்பர்க் நகரத்து இரும்பு ஆலைகளுக்கு வேண்டிய சுட்ட நிலக்கரி கன்னல்ஸ்வில் என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்துதான் போனது. சரக்கு ஏற்றிப் போக மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்டியும் ரயில் பாதை போட்டார்கள்.

பிறகு சுரங்கமும் சூளையும் ஒவ்வொன்றாக மூடின. மலை வழியாகப் போன ஒரு ரயில் பாதை 1975-ல் கைவிடப்பட்டது. வேலை போனதும் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியது வயதானவர்களும் பூட்டிய கடைகளும்தான். நம் பக்கத்தில் நூல் ஆலை மூடினால் ஒரு ஊர் எப்படி ஆகும் என்று நமக்குத் தெரியும். அதே கதைதான்.

தண்டவாளத்தை எடுத்த பிறகு அந்தத் தடம் புதர் மண்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, ஜல்லித் தூள் பரப்பி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற பாதையாக மாற்றலாம் என்று சிலர் கிளம்பினார்கள். "அந்நியர்கள் வருவார்கள், திருட்டு வரும், குப்பை வரும்" என்று எதிர்த்தவர்களும் உண்டு. முதலில் ஒஹாயோபைல் என்ற சின்ன ஊரில் 14 கிலோமீட்டர் மட்டும் 1986-ல் திறந்தார்கள். பிறகு துண்டு துண்டாகச் சேர்த்து, மேரிலண்டில் உள்ள கம்பர்லண்ட் ஊரில் இருந்து பிட்ஸ்பர்க் வரை முழுப் பாதையும் 2013-ல் முடிந்தது. மொத்தம் 241 கிலோமீட்டர். முதல் துண்டில் இருந்து முழுப் பாதை வரை 27 வருஷம். மாதம் கொஞ்சமாகச் சேமித்து வளர்ந்த நமக்கு அந்தப் பொறுமை புரியும்.

இந்தப் பாதைக்கு கிரேட் அலெகெனி பாசேஜ் என்று பெயர். மோட்டார் வண்டி கிடையாது. கட்டணம் கிடையாது. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் இறக்கம் மெதுவாகத்தான் இருக்கும். வயதானவர்களும் குழந்தைகளும்கூட சைக்கிளில் போகலாம். வழியில் சுமார் 1 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று, பள்ளத்தாக்கின் மேல் 580 மீட்டர் நீளப் பாலம் ஒன்று, ஆற்றோரம், காடு, சோள வயல் எல்லாம் வரும்.

பாதை வந்தது, ஊருக்குள் யாரும் வரவில்லை

பாதை வந்துவிட்டால் ஊர் பிழைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பாதை ஊருக்கு ஓரமாகத்தான் போகிறது. ரயில் தடம் ஆற்றங்கரையை ஒட்டிப் போகும். கடைத்தெருவோ மேட்டில் இருக்கும். சைக்கிளில் வருகிறவருக்கு, இரண்டு தெரு தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பதே தெரியாது. பையில் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஆயிரம் பேர் போனாலும் ஊருக்கு வருமானம் இல்லை.

இதைக் கவனித்து, 2007-ல் பாதையோர ஊர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. சிறு தொழிலுக்குக் கடன் கொடுக்கும் ஒரு லாப நோக்கில்லாத நிறுவனம் அதை நடத்தியது. ஊர் மக்களையே சேர்த்து, வெளியூர்க்காரர் கண்ணால் தங்கள் ஊரைப் பார்க்கச் சொன்னார்கள். இப்படிப்பட்ட கேள்விகள்தான்:

பாதையில் இருந்து கடைத்தெருவுக்கு வழிகாட்டும் பலகை இருக்கிறதா? சைக்கிளைப் பூட்டி நிறுத்த இடம் உண்டா? குடிக்கத் தண்ணீர், கழிப்பறை எங்கே? உட்கார நிழல் உண்டா? ஜனங்கள் அதிகமாக வருவது ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு நம் கடை திறந்திருக்கிறதா?

கேள்விகள் சாதாரணமானவைதான். ஆனால் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இவை தோன்றாது. குழாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியுமே!

மாற்றங்கள் மெதுவாக வந்தன. மையர்ஸ்டேல் என்று ஒரு மலை ஊர். அங்கே பழைய ரயில் நிலையத்தை இடிக்காமல், ஊர் வரலாறு சொல்லும் காட்சியகமாகவும் பயணிகள் தகவல் மையமாகவும் ஆக்கினார்கள். கான்ஃப்ளூயன்ஸ் என்ற இன்னோர் ஊர். அந்தச் சொல்லுக்கே ஆறுகள் கூடும் இடம் என்று அர்த்தம். மூன்று நீரோடைகள் சேருகிற நம் கூடல் மாதிரி. ஆயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் வீட்டு அறைகளைச் சுத்தம் செய்து, காலைச் சாப்பாடும் கொடுத்துப் பயணிகளைத் தங்க வைக்கும் தொழில் வளர்ந்தது.

2019-ம் ஆண்டுக்கான ஓர் ஆய்வு, இந்தப் பாதையால் அந்தப் பகுதிக்கு வந்த மொத்தப் பொருளாதாரப் பலன் 12 கோடி டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டது. அந்தப் பலன் எல்லா ஊருக்கும் சமமாகப் போகவில்லை. பயணி எங்கே நிற்கிறாரோ அங்கேதான் காசு நிற்கும்.

பெட்டியை எங்கே வைப்பது?

இந்த இடத்தில்தான் பெட்டி தேடும் விளையாட்டு ஊர்களுக்குக் கைகொடுக்கிறது. இந்தப் பாதையின் ஊர்களிலும் பெட்டிகள் உண்டு. அமெரிக்காவில் பல மாவட்டங்களும் சிறு நகரங்களும் சேர்ந்து, ஊருக்கு ஒன்றிரண்டு பெட்டி என்று வைத்து, எல்லாவற்றையும் ஒரே வழியாகக் கோத்துவிடுகிறார்கள். பூச்சரம் தொடுக்கிற மாதிரி.

நடைமுறை இப்படி இருக்கும். தகவல் மையத்தில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். நம் சேமிப்புப் பாஸ்புக் அளவுதான். அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கட்டம். பெட்டியைக் கண்டுபிடித்ததும் உள்ளே ஒரு சொல்லோ எண்ணோ எழுதியிருக்கும். அதைக் கட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் தகவல் மையத்தில் காட்டினால், அந்த வழிக்கென்றே அடித்த ஒரு நாணயம் பரிசாகக் கிடைக்கும். அந்த நாணயத்துக்காகவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வருகிறவர்கள் உண்டு.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காட்டுக்குள் ஒரு பொந்தில் வைத்தால், வந்தவர் பெட்டியை எடுப்பார், பெயர் எழுதுவார், போய்விடுவார். அதையே ஊர் நூலகத்து வாசலில், பழைய ரயில் நிலையத்துத் திண்ணைப் பக்கம், மாவு மில்லுக்கு எதிரில் வைத்தால், வந்தவர் ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும். பெட்டியோடு நாலு வரி எழுதி வைப்பார்கள்: 'இந்த மில்லில்தான் மூன்று தலைமுறையாக இந்த ஊர் மாவு அரைத்தது.' அதைப் படித்தவர் சுற்றிப் பார்ப்பார். தாகம் எடுக்கும். எதிரே கடை இருக்கும்.

மையர்ஸ்டேலில் மேப்பிள் மரத்தின் பாலைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். குளிர்காலம் முடிகிற சமயத்தில் மரத்தில் துளையிட்டு வடிப்பார்கள். சுமார் 40 லிட்டர் பாலைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் நமக்கு அந்த அடுப்புச் சூடும் கை வலியும் தெரியும். அவர்கள் அதை வெறும் சரக்காக மட்டும் விற்கவில்லை. 1948-ல் இருந்து அதற்கென்றே வருடா வருடம் திருவிழா நடத்துகிறார்கள். பாகு காய்ச்சுவதைப் பார்க்கவே ஜனங்கள் வருகிறார்கள். பார்த்தவர் ஒரு பாட்டிலாவது வாங்காமல் போக மாட்டார்.

"பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டவர்களுக்கு

இப்போது நம் ஊக்குநரின் கேள்விக்கு வருவோம். மலையும் ஆறும் பாலமும் இருந்தால் சரி. ஒன்றும் இல்லாத ஊர் என்ன செய்யும்?

பென்சில்வேனியாவுக்கு மேற்கே ஒஹாயோ மாநிலம். அங்கே ஆடம்ஸ் என்று ஒரு விவசாய மாவட்டம். புகையிலை உலர்த்தும் பழைய மரக் கொட்டகைகள்தான் எங்கு பார்த்தாலும். டோனா சூ குரோவ்ஸ் என்ற பெண்மணி 1989-ல் தன் தாயார் மேக்சினோடு அங்கே ஒரு பண்ணைக்குக் குடிவந்தார். தாயார் க்வில்ட் தைப்பதில் கைதேர்ந்தவர். க்வில்ட் என்றால் துண்டுத் துணிகளை வெட்டி, சதுரம் சதுரமாகக் கோலம் போல ஒட்டித் தைக்கும் போர்வை. நம் பாட்டிமார் பழைய சேலையை அடுக்கி வைத்துத் தைத்த போர்வைக்கு உறவு என்று சொல்லலாம். அந்த ஊர்ப் பெண்களும் ஒரு காலத்தில் தீவன மூட்டைத் துணியைக்கூட வீணாக்காமல் போர்வை தைத்தவர்கள்தான்.

டோனா சின்னப் பிள்ளையாக இருந்தபோது காரில் நீண்ட தூரம் போனால் பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க, அம்மா ஒரு விளையாட்டு வைப்பாராம். வழியில் வரும் கொட்டகைகளை எண்ண வேண்டும், விளம்பரம் எழுதியிருந்தால் கூடுதல் மதிப்பெண். அதை மனதில் வைத்துத்தானோ என்னவோ, "நம்ம கொட்டகையில ஒரு போர்வைச் சதுரம் வரைஞ்சு தரேம்மா" என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்தார். வருடங்கள் ஓடின. வாக்கு வாக்காகவே இருந்தது.

கடைசியில் அதை நிறைவேற்ற முனைந்தபோது, டோனா ஒரு மாற்றம் சொன்னார். எங்கள் கொட்டகையில் மட்டும் எதற்கு? அக்கம்பக்கத்துக் கொட்டகைகளிலும் வரைவோம். ஒன்றைப் பார்த்தவர் அடுத்ததைத் தேடிப் போவார், அது ஒரு வழியாக ஆகிவிடும் என்றார். ஊர்க்காரர்கள் குழு அமைத்தார்கள். ஒரு கட்டில் போர்வைக்கு 20 சதுரம் என்று கணக்குப் போட்டு, 20 கொட்டகைகள் என்று முடிவு செய்தார்கள். எந்த வடிவம் என்பதில் போர்வை தைக்கும் பெண்களின் யோசனைக்கு இடம் கொடுத்தார்கள். 2001 அக்டோபரில் ஒரு மூலிகைப் பண்ணையில் முதல் படம் திறக்கப்பட்டது. ஒஹாயோ ஸ்டார் என்ற நட்சத்திர வடிவம்.

அதன் பிறகு பக்கத்து மாவட்டங்கள் பார்த்துச் செய்தன. இப்போது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் கனடாவிலும் இந்தப் போர்வைப் படங்கள் இருக்கின்றன. வழக்கமாக 8 அடிக்கு 8 அடி பலகையில் வரைந்து, கொட்டகையின் நெற்றியில் மாட்டுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் பெயின்ட் அடிப்பார்கள். சில இடங்களில் மின்சார நிறுவனத்தின் ஏணி வண்டி வந்து தூக்கி மாட்டிக் கொடுக்கும். வரைபடம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். பெட்டி தேடுகிறவர்களும் இந்த வழியில் வருகிறார்கள்.

சகோதரிகளே, இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மாவட்டத்தில் புதிதாக எதையும் கட்டவில்லை. கொட்டகை ஏற்கெனவே இருந்தது. போர்வை பெட்டிக்குள் மடித்துக் கிடந்தது. அம்மாவின் கைவேலை வீட்டுக்குள்ளேயே இருந்தவரை அது வெறும் போர்வைதான். அதே வடிவம் சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரிந்ததும், அது அந்த ஊருக்கே அடையாளம் ஆகிவிட்டது.

தவறிய இடங்கள்

நல்லதை மட்டும் சொன்னால் பாடம் முழுமையாகாது. இரண்டு தவறுகளையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 158 கிலோமீட்டர் நீள நெடுஞ்சாலை ஒன்று. வழியில் ரேச்சல் என்று ஓர் ஊர், சுமார் 50 பேர்தான். 2010-ல் பெட்டி விளையாட்டுக்காரர்கள் அந்தச் சாலை ஓரமாக ஆயிரத்துக்கும் மேல் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். கூட்டம் வந்தது. ஊரின் உணவு விடுதிக்கு வியாபாரமும் வந்தது. ஆனால் வருகிறவர்கள் ஒவ்வொரு 160 மீட்டருக்கும் வண்டியை நிறுத்துவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். வேகமாக வண்டி போகும் சாலை. விபத்து வரும் என்று நெடுஞ்சாலைத் துறை 2011-ல் ஆட்சேபித்தது. பெட்டிகளை எடுக்க வேண்டியதாயிற்று. பெட்டியை வைத்தபோதே சாலைத் துறையைக் கேட்டிருந்தால், பாதுகாப்பான இடம் பார்த்து வைத்திருந்தால், அந்தச் சின்ன ஊர் திடீரென்று வாடிக்கையாளரை இழந்திருக்காது.

இரண்டாவது, இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊர். 2011 ஜூலையில் ஒருவர் உணவுக் கடைக்கு வெளியே ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைத்ததைப் பார்த்து, யாரோ வெடிகுண்டு என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். தெருவை அடைத்து, ராணுவ நிபுணர்களை வரவழைத்து, பெட்டியை வெடிக்க வைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, விளையாட்டுப் பெட்டி என்று. எதிர்க் கடைக்காரருக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெட்டியின் மேல் இன்னது என்று எழுதியிருந்தால் போதும்.

இரண்டு இடத்திலும் குறை ஒன்றுதான்: கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை. ஒரு தீர்மானம் போடும் முன் எல்லா உறுப்பினரிடமும் கையெழுத்து வாங்குகிறோமே, அது எவ்வளவு முக்கியம் என்று இதில் இருந்து தெரியும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் ஊரிலும் டப்பாவை ஒளித்து வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த விளையாட்டு அந்த ஊர்களுக்குப் பொருந்தியது. அதற்குப் பின்னால் இருக்கும் யோசனைதான் நமக்கு வேண்டும்.

முதலாவது, பொருளைச் செய்வது பாதி வேலைதான். வழிப்போக்கர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது மீதிப் பாதி. நாங்கள் கொட்டான் பயிற்சியில் விட்டது இந்த மீதிப் பாதியைத்தான்.

இரண்டாவது, ஒரு வீடு மட்டும் செய்தால் அது கடை. பத்து ஊர் சேர்ந்து செய்தால் அது வழி. கூட்டமைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாவது, காட்ட வேண்டியதை ஊரே முடிவு செய்ய வேண்டும். யார் வீட்டை, யார் கைவேலையை, யார் முகத்தைக் காட்டுகிறோமோ அவர்களுடைய சம்மதம் வேண்டும். வருகிற காசு யாருக்குப் போகும் என்பதையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

இதை எழுதும்போது எங்களுக்கு ஒன்று உறைத்தது. தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வருடா வருடம் நம் ஊர்களின் வழியாகத்தான் நடக்கிறார்கள். நாம் பாதை போட வேண்டாம். ஆள் கூப்பிட வேண்டாம். அவர்கள் எந்த மரத்தடியில் உட்காருகிறார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கிறார்கள், திருநீறு, பழம், பிரசாதத்தை எதில் வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று நாம் இதுவரை கவனித்ததே இல்லை. பரணில் கிடக்கும் கொட்டானுக்கு இதைவிடப் பொருத்தமான கை எது?

அந்த ஊக்குநரிடம் இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க தெரு முக்கு வேப்பமரத்தடியிலதான் உக்காருவாக. நான் தினமும் அந்த வழியாத்தான் போறேன். தோணவே இல்ல பாருங்க" என்றார். உடனே ஒரு நிபந்தனையும் போட்டார்: "இந்தத் தடவை முதல்ல முப்பது கொட்டான் மட்டும் எடுத்து வைப்போம். வித்தாத்தான் புதுசா பின்னுவோம். கடன் வாங்க மாட்டோம்." அது சரியான நிபந்தனை. நாங்களும் ஒத்துக்கொண்டோம். வேப்பமரத்தடி கோயில் நிலம் என்பதால், அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

விற்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சியது என்பதை மாசி மாத இதழில் உள்ளபடி எழுதுகிறோம்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் ஊர் வழியாக வெளியூர்க்காரர் யார் யார், எந்த மாதத்தில் போகிறார்கள்? (சந்தை, திருவிழா, யாத்திரை, பஸ் மாறுகிறவர்கள்)
2. அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? அங்கே நிழல், தண்ணீர், கழிப்பறை உண்டா?
3. வீட்டுக்குள்ளேயே மறைந்து கிடக்கும் கைவேலை, பலகாரம், கதை எது? ஊரில் மூத்த பெண்கள் இருவரிடம் கேட்டு எழுதவும்.
4. அந்த இடத்தைப் பயன்படுத்த யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
5. முதல் தடவை எவ்வளவு செய்து பார்ப்பது? விற்காவிட்டால் நஷ்டம் யாருடையது?

செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு முன் ஐந்து உறுப்பினர்கள் சேர்ந்து, வெளியூரில் இருந்து வந்தவர்கள் போல உங்கள் ஊரை ஒருமுறை நடந்து பாருங்கள். வழி கேளுங்கள், உட்கார இடம் தேடுங்கள். பார்த்ததை ஒரு தாளில் ஊர் வரைபடமாக வரைந்து, தீர்மானப் புத்தகத்தோடு கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் கோலப்பொடியால் தரையில் வரைந்து காட்டினாலும் போதும். நாங்கள் வந்து பார்த்துப் படி எடுத்துக்கொள்கிறோம்.